தங்கத்துக்கு ஐந்து குறைவு

டிசம்பர் இருபத்தொன்பது. சியாட்டில். இன்னும் விடியவில்லை.
எனக்கு ஐந்து குறைகிறது.
மைல் அல்ல, மைல் தாராளமாக இருக்கிறது.
ஏறி இறங்கிய எண்ணிக்கை:
நாற்பதுக்கு முப்பத்தைந்து.

ஜூன் மாதமே அலுவலகம் பயணங்களை நிறுத்திவிட்டது.
திரையிலேயே சிரித்து, திரையிலேயே விற்கச் சொன்னது.
பையின் கைப்பிடியில் ஆடும் தங்க அட்டை மட்டும்
முப்பத்தொன்றாம் தேதிவரை என்னுடையது.

ஆகவே இந்த விமானம்.
கெச்சிக்கன், ராங்கெல், பீட்டர்ஸ்பர்க், ஜூனோ என்று
அலாஸ்காவின் ஓரமாக
பால் ஊற்றப் போகிறவன்போல் வாசல் வாசலாக நிற்கும்.
போகும்போது நான்கு, திரும்புகையில் நேராக ஒன்று.
நானூற்றுப் பத்து டாலர்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்
என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று
யாரிடமும் சொல்லாமல் வந்திருக்கிறேன்.

முதல் வரிசை. ஜன்னலோரம் ஒரு பெண்,
பழுப்பு ரப்பர் பூட்ஸ்,
மடியில் மூன்று பீட்சா பெட்டிகள்.

பணிப்பெண் கைப்பேசியைப் பார்த்து என்னிடம் வாசித்தாள்:
"மிஸ்டர் ஹாலிக், உங்கள் விசுவாசத்துக்கு நன்றி."
அவளிடம் எதையும் பார்க்காமல் கேட்டாள்:
"மாரிட், பையனுக்குக் கம்பி கழற்றியாச்சா?"

நீங்களும் தங்கமா என்றேன்.
"அப்படித்தான் ஏதோ சொல்கிறார்கள்."
எப்படி என்றேன். தொழில் ரகசியம் கேட்பவன்போல்.

பல் கம்பிக்கு மாதம் ஒருமுறை.
கணவனின் முதுகுக்கு ஏழு முறை.
பள்ளிக் கூடைப்பந்துக் குழுவுக்குத் துணையாக,
ஒருமுறை தோற்பதற்கென்றே மூன்று விமானம்.
அப்புறம் ஒரு ஜூரி அழைப்பு.
"எங்கள் ஊருக்கு ரோடு கிடையாது" என்றாள்,
எங்கள் வீட்டில் பூனை கிடையாது என்பதுபோல.

விசுவாசம்?
"வேறு யார் வருகிறார்கள்?"

தங்கத்தால் அவளுக்கு ஆகிற நன்மை ஒன்றுதான்:
கூடுதல் பெட்டிக்குக் காசில்லை.
இன்றைக்குக் கீழே இரண்டு டயர்,
ஒரு மூட்டை நாய்ச்சோறு,
பக்கத்து வீட்டு இங்கரின் திரைச்சீலை.

நான் ஓய்வறையைப் பற்றிச் சொன்னேன்,
அங்கே சூப் இரண்டு வகை என்று.
"ஒருமுறை போனேன்" என்றாள்.
"எல்லாரும் தனியாக உட்கார்ந்திருந்தார்கள்.
யாரோ செத்துவிட்டார்களாக்கும் என்று நினைத்தேன்."

கெச்சிக்கன்: ஒன்று.
ராங்கெல்: இரண்டு.
அங்கிருந்து பன்னிரண்டு நிமிடம்தான்,
காபி மூடியைத் திறப்பதற்குள் வந்துவிடும்.
வரவில்லை.
விமானம் இறங்கிப் பார்த்தது, ஏறியது,
இன்னொரு தடவை இறங்கிப் பார்த்தது.
பீட்டர்ஸ்பர்க்கில் மூடுபனி, மன்னிக்கவும்,
நேராக ஜூனோ என்றார் கேப்டன்.

எனக்குள் ஓர் எண் உடைந்தது.
அவள் நெற்றியை ஜன்னலில் வைத்து
கீழே வெள்ளையாக இருந்த ஒன்றுமில்லாததைக் காட்டினாள்.
"அதோ, அதற்குள்தான் எங்கள் சமையலறை.
அடுப்பைச் சூடாக்கிவைத்துக் காத்திருக்கிறார்கள்."

ஜூனோ: மூன்று.
நாளைக் காலை அவளைத் திருப்பி அழைத்துப் போவார்கள்.
வேண்டாத அவளுக்கு ஒன்று கூடும்.
சிரிக்கலாம்தான்.

மாற்றுச் சீட்டுக்கு இரண்டு வரிசைகள்.
தங்கத்துக்கான சிவப்புக் கம்பளத்தில் நான் மட்டும்.
மாரிட் அடுத்ததில், கடைசியில்,
பனிக்குள் வீடுள்ள முப்பது பேரோடு நின்றாள்.
முதல் பெட்டி திறந்துவிட்டது.
யாருடைய குழந்தையோ ஆலிவை மட்டும் பொறுக்கித் தின்கிறது.
யார் வீட்டில் யார் தூங்குவது என்று பேச்சு ஓடுகிறது.

கவுன்டரில் இருந்த இளைஞன்
என் அட்டையைப் பார்த்து எழுந்தே நின்றான்.
"சொல்லுங்கள் சார், எங்கே போகவேண்டும்?"

எங்காவது இறங்கினால் போதும் என்றேன்.

விரல்கள் விசைப்பலகைமேல் நின்றன.
"ஊர் பெயர் வேண்டும், சார்."